ஒரு வண்டுக்கு நாம் கொடுத்த விலை

2017 டிசம்பரில் ரஷ்யாவுக்குப் போன இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் ஒரு வண்டு அகப்பட்டது. கப்ரா வண்டு என்று பெயர். மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வளராது. ஆனால் தானியக் கிடங்குகளுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. கோதுமை, அரிசி, பருப்பு எதுவானாலும் அதன் புழு தின்று தூளாக்கிவிடும். ஒருமுறை புகுந்துவிட்டால் லேசில் ஒழிக்க முடியாது என்பதால் பல நாடுகள் அதற்குப் பயப்படுகின்றன. தேயிலை அதன் தீனி இல்லை. பொதியிலோ கொள்கலனிலோ ஒட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். எப்படியோ, டிசம்பர் 18 முதல் இலங்கைத் தேயிலையை உள்ளே விடமாட்டோம் என்று ரஷ்யா அறிவித்தது.

அதே நேரத்தில் கொழும்பில் வேறொரு தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. 2018 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்துவதாக இலங்கை அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. உலகத்தில் அஸ்பெஸ்டஸை அதிகமாகத் தோண்டி எடுக்கும் நாடு ரஷ்யா. நமக்கு வருவதிலும் பெரும்பங்கு அங்கிருந்துதான். வெளியே சொல்லப்பட்ட காரணம் வண்டு மட்டும்தான். ஆனால் கொழும்பில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நம் ஜனாதிபதி, ரஷ்ய ஜனாதிபதி புட்டினுக்குக் கடிதம் எழுதினார். அஸ்பெஸ்டஸ் தடை தள்ளிப்போடப்பட்டது. டிசம்பர் முடிவதற்குள் தேயிலைத் தடை நீங்கியது. எல்லாம் இரண்டு வாரத்துக்குள்.

இதைப் பற்றி நான் எழுதவேண்டும் என்று பல வருடமாக நினைத்ததுண்டு. வல்லரசுகள் வர்த்தகத்தை ஆயுதமாக்குவதைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறையப் படிக்கிறோம். அமெரிக்காவும் சீனாவும் சிப்புக்காகவும் அரிய கனிமங்களுக்காகவும் மோதிக்கொள்வதை டிவியில் பார்க்கிறோம். அதெல்லாம் எங்கேயோ மேலே நடக்கிற சண்டை என்று தோன்றும். ஆனால் தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற மலையகத்தில் நாங்கள் அந்தச் சண்டைக்குள்தான் எப்போதும் இருந்திருக்கிறோம். எங்கள் சம்பளம் அதற்குள் இருக்கிறது. எங்கள் தலைக்கு மேலிருக்கிற கூரையும் அதற்குள் இருக்கிறது.

கூரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்களுக்குத் தகரம் என்றால் என்னவென்று தெரியும். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வெயிலில் கொதிக்கும், பனியில் சொட்டும், பத்து வருடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழும். அதனால் அஸ்பெஸ்டஸ் சீட் வந்தபோது அது ஒரு முன்னேற்றமாகவே தெரிந்தது. சத்தம் இல்லை, துரு இல்லை, விலையும் கட்டுப்படியாகும். 'சீட் போட்ட வீடு' என்றால் கொஞ்சம் மரியாதை. எங்கள் குசினிக்குச் சீட் போட்ட அன்று கூரை வேலைக்கு வந்த பாஸ் உன்னஹே வாசலில் உட்கார்ந்து கைவாளால் அதை அறுத்தார். முகத்தில் ஒரு துணி கூட இல்லை. வெள்ளைத் தூள் கறிவேப்பிலை இலைமேல் மாவு தூவியதுபோல் படிந்தது. சின்னப் பிள்ளைகள் அந்தத் தூளில் விரலால் பெயர் எழுதி விளையாடினார்கள். கச்சான் காற்றடிக்கும் ஆடி மாதத்தில் சீட்டுகள் தூக்கி எறியப்பட்டு உடையும். உடைந்த துண்டுகளை யாரும் வீசுவதில்லை. மரக்கறிப் பாத்திக்கு வரம்பாக நட்டு வைப்போம்.

எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நூலிழையை விட மெல்லிய நார்கள் நுரையீரலில் தங்கி, இருபது, முப்பது வருடம் கழித்து நோயாக வெளிவரும். நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடை செய்துவிட்டது. மிச்சமிருந்தது வெள்ளை அஸ்பெஸ்டஸ். அதையும் நிறுத்தத்தான் 2018 என்று நாள் குறித்தார்கள். நல்ல முடிவு அது. ஒரு நாடு தன் மக்களின் நுரையீரலைக் காப்பாற்ற எடுத்த முடிவு. அதைத் தேயிலை விற்பதற்காக விட்டுக்கொடுத்தோம். கொழுந்து பறிக்கிறவர்களின் வேலையைக் காப்பாற்றுவதற்காகவே இது என்று சொன்னார்கள். அதாவது, எங்கள் கூலியைக் காட்டி எங்கள் மூச்சை அடகு வைத்தார்கள். இரண்டும் ஒரே ஆளுடையது என்பதை அந்தப் பேச்சுவார்த்தையில் யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்களா?

அரசாங்கம் பயந்ததில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரஷ்யா நம் தேயிலையை அதிகம் வாங்கும் முதல் சில நாடுகளில் ஒன்று. ஹப்புத்தளைப் பக்கம் ஒரு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்யும் என் மச்சான் அந்த டிசம்பரில் போன் எடுத்தபோது குரலே சரியில்லை. 'கொழுந்து வருது, மெஷின் ஓடுது, ஒண்ணும் நிக்கல. ஆனா ஏலத்துல வெல விழுந்திச்சின்னா மொதல்ல நம்ம ஆளுங்க பேர்லதான் கை வைப்பாங்க' என்றார். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கு விழும் கணக்கு. பேர் விழாத நாளில் சம்பளம் இல்லை.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. 2014இல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ரஷ்யா மீது பொருளாதாரத் தடை போட்டன. எண்ணெய் விலையும் சரிந்தது. ரூபிள் பாதாளத்துக்குப் போனது. ரூபிள் விழுந்ததும் மொஸ்கோவில் நம் தேயிலை விலை ஏறிப்போய், வாங்குகிறவர்கள் கையைச் சுருக்கினார்கள். மத்திய கிழக்கிலும் போர். கொழும்பு ஏலத்தில் விலை இறங்கியது. இங்கே தோட்டத் தொழிலாளரின் சம்பளத்துக்கான கூட்டு ஒப்பந்தம் 2015 மார்ச்சில் முடிந்துவிட்டிருந்தது. நாள் சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்டார்கள். தேயிலை விலை இல்லை, எங்கிருந்து கொடுப்பது என்றன கம்பனிகள். புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது 2016 ஒக்டோபரில். ஒன்றரை வருடம் பழைய சம்பளத்திலேயே கொழுந்து பறித்தார்கள். கடைசியில் கிடைத்தது அடிப்படை 500 ரூபா, மற்றக் கொடுப்பனவெல்லாம் சேர்த்து 730. அந்தக் கொடுப்பனவில் 30 ரூபா தேயிலை விலைக்கான பங்கு என்று தனியாக எழுதியிருந்தது.

விலை குறைவென்பதைக் கம்பனிகள் ஒரு சாட்டாகவும் பிடித்துக்கொண்டன. விலை நன்றாக இருந்த காலத்திலும் அவர்கள் தாராளமாகக் கொடுத்ததில்லை. ஆனாலும் அந்தச் சாட்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கிரிமியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் என்ன சம்பந்தம்? வோஷிங்டனில் போட்ட தடை மொஸ்கோவைத் தொட்டு, கொழும்பு ஏலத்தைத் தொட்டு, கடைசியில் ஒரு பெண்ணின் சம்பளச் சீட்டில் வந்து உட்கார்ந்தது. நடுவில் இருந்த வியாபாரி, ஏற்றுமதியாளர், கம்பனி எல்லோருக்கும் கொஞ்சம் தள்ளிக்கொள்ள இடம் இருந்தது. கடைசி ஆளுக்கு இல்லை.

சரி, வண்டின் கதைக்கு நேர் எதிரான இன்னொரு கதை இருக்கிறது. 2021இல் நம் அரசாங்கம் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்தது. அந்த மடத்தனத்தை யாரும் வெளியே இருந்து நம்மீது திணிக்கவில்லை. 2021இல் ஏறக்குறைய 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த வருடம் 250 மில்லியனுக்கு இறங்கியது. அந்த நேரத்தில் சீனாவிலிருந்து சேதன உரம் வரவழைக்க ஒப்பந்தம் செய்தார்கள். மாதிரியைச் சோதித்த நம் தாவரத் தொற்றுக்காப்புச் சேவை அதில் பயிருக்குக் கேடான பக்டீரியா இருப்பதாகச் சொல்லி, இறக்க முடியாது என்றது. உரக் கம்பனி அந்தச் சோதனையை ஏற்கவில்லை. நீதிமன்றம் பணம் கொடுப்பதை நிறுத்தச் சொன்னதும் மக்கள் வங்கி நிறுத்தியது. உடனே, 2021 ஒக்டோபர் கடைசியில், சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கப்பல் நம் கடலைச் சுற்றிக்கொண்டு நின்றது. 2022 ஜனவரியில் இலங்கை 67 இலட்சம் டொலரைக் கொடுத்து விடயத்தை முடித்துக்கொண்டது. இறக்காத உரத்துக்குக் கொடுத்த காசு அது. பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம். மூன்று மாதத்தில், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கைவிரித்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு விடயம் விளங்கியது. ரஷ்ய அதிகாரி ஒருவர் நம் பொதியில் வண்டைக் கண்டால் நாம் சட்டத்தையே தள்ளிவைக்கிறோம். நம் அதிகாரி சீன உரத்தில் பக்டீரியாவைக் கண்டால் நாமே தண்டம் கட்டுகிறோம். இரண்டிலும் சட்டம் ஒன்றுதான்: பயிர்நோய் நாட்டுக்குள் வராமல் தடுக்கும் சட்டம். அது ஒருவர் கையில் ஆயுதமாகிறது, இன்னொருவர் கையில் வெறும் தாளாகிறது. ரஷ்யா கெட்டது, சீனா நல்லது, அமெரிக்கா அதைவிட நல்லது என்று இங்கே கட்சி பிரிந்து சண்டை போடுகிறவர்களுடன் என்னால் சேர முடியாதது இதனால்தான். எல்லோரும் இதைச் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்கா செய்தது பழைய கதை. என் அம்மாயி யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்பே மரத்துக்குப் போய், சிரட்டையில் பால் வடியவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சேர்த்துக்கொண்டு வரவேண்டும். புதுத்துளிர் வரும் காலத்தில் மரத்துக்குக் கந்தகத் தூள் அடிப்பார்கள். இலையில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க. கண் எரியும் என்று சொல்லுவார். அந்தக் கந்தகத்துக்கும் ஒரு அரசியல் இருந்தது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

கொரியப் போர் நடந்த காலம். சீனாவுக்குப் போருக்குத் தேவையான பொருள்களை விற்கக்கூடாது என்று 1951 மே மாதம் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் போட்டது. இறப்பரும் அதில் சேரும். கம்யூனிச நாடுகளுக்கு அந்தப் பொருள்களை விற்கும் நாடுகளுக்கு உதவி கிடையாது என்று அமெரிக்கா தன் பங்குக்குச் சட்டம் போட்டது. இலங்கையிலோ அரிசித் தட்டுப்பாடு. இறப்பர் விலையும் விழுந்திருந்தது. அமெரிக்காவிடம் கேட்டுப் பார்த்தார்கள். சந்தை விலைக்கு மேல் தரமாட்டோம் என்றார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது கம்யூனிசத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் ஐக்கிய தேசியக் கட்சி. அந்த அரசாங்கத்தின் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கதான் பீக்கிங் போய் 1952 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தார். வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். இறப்பருக்குச் சந்தையை விட நல்ல விலை, அரிசிக்குக் குறைந்த விலை. அமெரிக்க உதவி கிடைக்கவில்லை. கந்தகம் விற்கவும் மறுத்தார்கள். ஆனாலும் இலங்கை பின்வாங்கவில்லை. அமெரிக்கா நான்கு வருடத்தில் மனம் மாறி, 1956இல் உதவி தர முன்வந்தது. சீன ஒப்பந்தமோ மாற்றி மாற்றிப் புதுப்பிக்கப்பட்டு முப்பது வருடம் ஓடியது.

அன்று முடிந்தது ஏன் 2017இல் முடியவில்லை? அன்றைய தலைவர்களுக்கு முதுகெலும்பு இருந்தது என்று பெருமையாகச் சொல்லலாம், சொல்லவும் செய்கிறார்கள். நான் அதை முழுசாக நம்பவில்லை. சீனாவுக்கு அன்று இறப்பர் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினர் இல்லை, 1955இல்தான் சேர்ந்தது. தீர்மானம் நம்மை நேராகக் கட்டவில்லை. எதிரில் இருந்தவருக்கும் நாம் வேண்டியிருந்தோம். 2017இல் ரஷ்யாவுக்கு இலங்கைத் தேயிலை வேண்டியதில்லை. இந்தியா இருக்கிறது, கென்யா இருக்கிறது. நமக்குத்தான் ரஷ்யா வேண்டியிருந்தது. வேறு வழி வைத்திருப்பவருக்குத் தைரியமும் கூடவே வந்துவிடும்.

1952ஐப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பொய்யாகிவிடும். 1948, 49 சட்டங்களால் குடியுரிமையும் வாக்கும் பறிக்கப்பட்டு, 1952 தேர்தலில் ஓட்டுப் போட முடியாமல் எங்கள் ஆட்கள் சத்தியாக்கிரகம் செய்த வருடம் அது. அதே வருடம் பெருந்தோட்டங்களில் அவர்கள் வெட்டிய பாலை வைத்துத்தான் நாடு ஒரு வல்லரசுக்கு முன்னால் தலைநிமிர்ந்து நின்றது. அந்த அரிசி கூப்பனில் எல்லோர் வீட்டுக்கும் வந்தது. நன்றி சொல்லும் பட்டியலில் பால் வெட்டியவர்களின் பெயர் மட்டும் வரவில்லை. பணியும்போதும் நாங்கள் கணக்கில் இல்லை, பணியாதபோதும் இல்லை.

பண்டாரவளைப் பக்கத்து ஆட்களுக்கு உமா ஓயா என்றால் வேறு விளக்கம் வேண்டாம். மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகத் தண்ணீர் கொண்டுபோகும் மின், நீர்ப்பாசனத் திட்டம் அது. 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின. சுவர்கள் வெடித்தன. அந்தத் திட்டத்துக்குப் பெரும்பங்குப் பணத்தை ஈரான் கடனாகத் தருவதாக இருந்தது. அமெரிக்கா ஈரான் மீது தடையை இறுக்கியதும், வந்தது 5 கோடி டொலர் மட்டும். மீதியை நம் திறைசேரி போட்டது. 2024 ஏப்ரலில்தான் ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து திறந்து வைத்தார். சுவர் வெடித்ததற்குப் பொறுப்பு இந்தத் தடை இல்லை, அது வேறு வழக்கு. ஆனால் இழுத்தடிப்பில் அதற்குப் பங்குண்டு.

ஈரான் விடயத்தில் தடை எப்படி வேலை செய்கிறது என்பதைத் தேயிலையில் நன்றாகப் பார்க்கலாம். தேயிலை உணவுப் பொருள். ஈரானுக்கு விற்பதை யாரும் தடுக்கவில்லை. அடைபட்டது காசு வரும் வழி. ஈரானிலிருந்து வரும் டொலரைத் தொட்டால் அமெரிக்கா தங்களைத் தண்டிக்கும் என்று எந்த வங்கியும் கிட்டே வராது. நாமோ 2012க்கு முன் வாங்கிய எண்ணெய்க்காக ஈரானுக்கு 25 கோடி 10 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாக அந்தக் கடனைத் தீர்ப்பது. இங்கே ஏற்றுமதியாளருக்கு எண்ணெய்க் கூட்டுத்தாபனம் ரூபாவாகக் கொடுக்கும், அங்கே வாங்குகிறவர் தன் நாட்டுப் பணமாகக் கட்டுவார். டொலர் கைமாறாது. எனக்கு இது பிடித்த ஏற்பாடு. 1952இன் வாசனை இதில் இருக்கிறது.

கடைசியாக வந்தது 2025 ஏப்ரல். ட்ரம்ப் இலங்கைப் பொருள்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தார். ஜூலையில் 30 ஆனது, ஓகஸ்டில் 20. நம் ஆடைகளின் பெரிய சந்தை அமெரிக்கா. கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் காமன்டில் தைக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் மலையகத்துப் பிள்ளைகள். தோட்டத்தில் பேர் விழாது என்றுதானே அங்கே போனார்கள். என் சித்தி மகள் அந்த ஏப்ரலில் புதுவருடத்துக்கு வீட்டுக்கு வந்து, 'அண்ணே, ஓர்டர் இல்லாம போனா ஓவர்டைம் வெட்டுவாங்களாம்' என்றாள். போர்டிங் வாடகையும் சாப்பாடும் அடிப்படைச் சம்பளத்தில் போய்விடும். வீட்டுக்கு அனுப்புவது ஓவர்டைம் காசு. ஆக, அமெரிக்கா யாரோடு பேரம் பேசினாலும் அடி விழுவது லயத்திலிருக்கும் தாயின் மருந்துச் செலவில்.

நம் ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற வரிச் சலுகையையும் இதோடு சேர்த்துத் திட்டுகிறவர்கள் உண்டு. 2010இல் எடுத்தார்கள், 2017இல் திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் கை முறுக்கல்தான் என்பார்கள். எனக்கு அது அவ்வளவு நேராகத் தெரியவில்லை. அந்தச் சலுகையின் நிபந்தனையில் மனித உரிமையும் தொழிலாளர் உரிமையும் எழுதியிருக்கிறது. இங்கே யாரும் காது கொடுக்காதபோது நம் ஆட்களுக்கு அது ஒரு பிடி. சலுகை பறிபோனால் முதலில் வேலை போவதும் நம் பிள்ளைகளுக்குத்தான் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

வல்லரசுகள் திருந்தும் என்று நான் காத்திருக்கவில்லை. நம் அரசாங்கத்திடம் கேட்கத்தான் எனக்கு விடயம் இருக்கிறது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோ தேயிலைக்கும் 3 ரூபா 50 சதம் விளம்பரத்துக்கென்று 2010 முதல் அறவிடப்படுகிறது. சிலோன் டீ என்ற பெயரை உலகத்துக்குச் சொல்ல அந்தக் காசு. அதே மாதிரி கிலோவுக்கு வெறும் ஐம்பது சதம், எங்கோ ஒரு தடையால் ஏலம் விழும்போது பேர் குறையும் தொழிலாளருக்கென்று ஒதுக்கட்டும். வருடத்துக்கு 25 கோடி கிலோ ஏற்றுமதியானால் 12 கோடி 50 இலட்சம் ரூபா சேரும். சிறிய நிதிதான். ஆனாலும் தேயிலையை வைத்து அடுத்த பேரம் நடக்கும்போது, மேசையில் வைக்கப்படும் கணக்கில் கொழுந்து பறிக்கிறவரின் இழப்பும் ஒரு எண்ணாக எழுதப்பட்டிருக்கும். தொழிற்சங்கங்கள் இதைக் கேட்கலாம். சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் ஏல விலையைக் கொண்டுவந்து காட்டுகிற கம்பனிகளும் இதற்குத் தங்கள் பங்கைப் போடலாம். நான் எங்கள் பக்கத்துத் தலைவர்களிடம் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். படிப்பவர்களில் தோட்டக் கமிட்டிகளில் இருப்பவர்களும் தங்கள் சங்கத்தில் எழுப்பினால் நல்லது.